சபை கலைவதற்குள் கிளம்பிய மலை ரயில்

சட்டையில் பெயர் அட்டை குத்திக்கொண்டு இந்தச் சுற்றுலாத் தொழிலுக்குப் புதிதாக வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலையின் உயரம், ரயில் பாதையின் வரலாறு, யானை எந்த வளைவில் நிற்கும் என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். தப்பில்லை. ஆனால் நான் வேலை பார்த்த காலம் முழுக்க மலையின் உயரத்தை என்னிடம் கேட்ட பயணி ஒருத்தர்கூட இல்லை. கேட்டது இரண்டே கேள்விதான். கழிப்பறை எங்கே? சன்னலோரம் யாருக்கு? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இந்த வேலையில் நீடிக்கலாம். இரண்டாவது கேள்விக்கு ஓய்வு பெற்ற பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் வேலை பார்த்த பயண அலுவலகம் காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. அப்போது காரைக்காலுக்கு ரயில் கிடையாது. பழைய பாதையை எப்போதோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், புதிய பாதை வரும் வரும் என்று எல்லாத் தேர்தலிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரயிலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ரயில் சுற்றுலா விற்றவள் நான். ‘நீலகிரி மலை ரயில், குடும்பத்தோடு வாருங்கள், சாப்பாடு நம் ஊர்ச் சமையல்’ என்று துண்டறிக்கை அடித்தோம். அதில் மலையைவிடச் சாப்பாட்டை நம்பித்தான் சனம் வந்தது.

எங்கள் முதலாளி சிக்கனமான மனிதர். சம்பளத்தைப் போலவே அறிவுரையையும் அளந்துதான் கொடுப்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒன்றே ஒன்று சொன்னார்: “எந்த வண்டியா இருந்தாலும் நீ கடைசியாத்தான் ஏறணும். அதுக்கு முன்னாடி ஏறுனா நீ கைடு இல்ல, நீயும் ஒரு பாசஞ்சரு.” இந்த ஞானம் அவருக்கு எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரியும். ஒரு சனிப்பெயர்ச்சி அன்று திருநள்ளாற்றுக் கூட்டத்தில் தன் மாமியாரைக் குளக்கரையிலேயே விட்டுவிட்டு வேனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். தெரியாமல் நடந்தது என்று அவர் சொன்னார். அவர் மனைவி கடைசிவரை நம்பவில்லை.

சுனாமிக்குப் பிந்தைய வருடங்களில் எங்களுக்குத் திடீரென்று மீனவக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கோடையில் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆணும் பெண்ணும் வீட்டில் இருப்பார்கள். அந்த நாட்களில் கடலுக்கு எதிர்ப்பக்கமாக எங்கேயாவது போய்விட்டு வர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. ஏன் என்று நான் கேட்டதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், கேட்காதீர்கள்.

அப்படி ஒரு கோடையில் கருக்களாச்சேரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. கிராமத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் பேரப்பிள்ளைகள் இப்போது என் தெருவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார்கள். பேருந்து நிறையவில்லை என்று நெடுங்காட்டு விவசாயக் குடும்பங்கள் சிலரையும் முதலாளி ஏற்றிவிட்டார். மீன்காரர்கள் பாதி, வயல்காரர்கள் பாதி. காரைக்கால் முடிந்து அடுத்த மாநிலம் தொடங்கும் எல்லையில் பைகளைச் சோதிக்கப் போலீஸ் ஏறியபோதுதான் இரண்டு பாதியும் முதன்முதலாக ஒற்றுமையாக இருந்தன. எந்தப் பையில் என்ன பாட்டில் என்று யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயலை ரசித்துக்கொண்டிருந்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், வழிகாட்டிக்கு எந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மீனவர் கூட்டத்துக்கு ஊர்த் தலைவரே நேரில் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. கூடவே சம்பந்தம் பேசி முடித்த இரண்டு குடும்பங்கள். மாப்பிள்ளை சக்திவேல், விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவன். அவன் அம்மா அஞ்சம்மாள். பெண் அமுதா, அவள் அம்மா மாரியம்மாள். பரிசம் போட்டாகிவிட்டது. தடைக்காலம் முடிந்து படகு இறங்குவதற்குள் வைகாசியில் கல்யாணம்.

விடியற்காலையில் மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டு, எங்கள் பேருந்து சமையல்காரரோடு சாலை வழியாக ஊட்டிக்குக் கிளம்பியது. அமுதா என் பக்கத்தில் வந்து நின்றாள். பேச்சுக் கொடுத்தேன். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, “ரொம்பப் புடிச்சிருக்குக்கா. அதான் பயமா இருக்கு” என்றாள். விசாரித்தால், இது அவளுக்கு இரண்டாவது பரிசம். முதல் சம்பந்தம், வெற்றிலைத் தட்டை யார் முதலில் எடுப்பது என்ற தகராறில் பஞ்சாயத்துக்குப் போய் முறிந்துவிட்டது.

“நான் வூட்டுக்குள்ள பூக்கட்டிக்கிட்டு இருந்தேங்க்கா. வெளிய சபை எந்திரிக்கிறதுக்குள்ள என் கல்யாணம் முடிஞ்சிபோச்சு. இதுவும் போச்சுன்னா அப்புறம் என்னை யாரு கேட்டு வருவா?”

பிறகு மலையைப் பார்த்தாள்.

“மேல போற வண்டி ஒரு நாளைக்கு எத்தனக்கா?”

“ஒண்ணுதான்.”

“வுட்டுட்டா?”

“வுட்டதுதான். சாயங்காலம் எறங்கி வர்ற வண்டியில கீழ வரலாம், அவ்வளவுதான்.”

பொது அறிவுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்து, சந்தோஷமாகப் பதில் சொன்னேன். மலை ரயிலைப் பற்றி ஒரு பயணி என்னிடம் கேள்வி கேட்டதே பெரிய விஷயம் இல்லையா?

வண்டி ஏறும்போதே சன்னல் தகராறு தொடங்கிவிட்டது. ஏறும்போது இடது பக்கம்தான் பள்ளத்தாக்கு என்று நான் வாயை விட்டிருந்தேன். எல்லோருக்கும் இடது பக்கம் வேண்டும். தலைவர் கையை உயர்த்தினார், அமைதி. கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்கு அவர்கள் ஊரில் முறை உண்டு. இன்று இவர் வலை, நாளை அவர் வலை என்று கடலையே பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். அதே சட்டத்தைத் தலைவர் மலைக்கும் கொண்டுவந்தார். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை ஒருத்தருக்குச் சன்னல், நின்றதும் அடுத்தவர். நானும் மனதுக்குள் கைதட்டினேன். என் வேலையைத் தலைவர் பார்க்கிறார், எனக்கென்ன வந்தது?

இந்த ரயிலில் எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதை மீனவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். படகும் அப்படித்தான் இறங்குகிறது என்றார்கள். நெடுங்காட்டுக்காரர்களுக்கு எஞ்சினில் அக்கறை இல்லை. அவர்கள் தண்ணீரை மட்டும் பார்த்தார்கள். பாறையில் விழும் ஓடையைக் கண்ட ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

“இந்தத் தண்ணி எங்கம்மா போவுது?”

“பவானியில கலந்து காவேரிக்குப் போவுதுங்க ஐயா.”

“காவேரிக்கா? அப்ப ஏன் எங்க வாய்க்காலுக்கு வரல?”

அதற்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல என்னைப் பார்த்தார். மிச்ச வழியெல்லாம் எந்த ஓடை வந்தாலும் ஓடையைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

இதற்கிடையில் அஞ்சம்மாளின் முறை வந்தது. பாவம், அவர் சன்னலில் உட்கார்ந்த நேரம் பார்த்துக் குகைக்கு மேல் குகை. ஒரு குகை முடிந்து கண்ணைக் கசக்குவதற்குள் அடுத்தது. காட்டுக்கு நடுவே ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றது. அடுத்த முறை மாரியம்மாளுக்கு. அஞ்சம்மாள் எழவில்லை.

“என் முறையில மலை எங்க வந்துச்சு? பூரா இருட்டு. இருட்டு எங்க வூட்டுலயே கெடக்கு, அதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்? கடல் கொந்தளிச்சா அன்னைக்கு முறை கணக்குல சேராது. மறுநாளும் அவனுக்குத்தான் முறை. ஊர்ச் சட்டந்தான?”

மாரியம்மாளும் சட்டம் தெரிந்தவர்தான்.

“கொந்தளிச்சா சேராது, சரிதான் மதினி. ஆனா வலையப் போட்டுட்டா முறை முடிஞ்சிபோச்சு. நீங்க சன்னல்ல ஒக்காந்தாச்சுல்ல? ஒக்காந்தா வலை போட்ட மாதிரிதான்.”

யோசித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவர்கள் யோசிக்கவில்லை. ‘முறை தெரியாத குடும்பம்’ என்று ஒரு வார்த்தை விழுந்தது. ‘அந்தக் குடும்பத்துல எதுக்குப் பொண்ணு எடுக்குறீங்க’ என்று பதில் வார்த்தை விழுந்தது. ‘எடுக்கலன்னா போவுது’ என்றார் அஞ்சம்மாள். அமுதாவின் முகத்தை அப்போது பார்த்தேன். முதல் சம்பந்தம் முறிந்த அன்று பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணின் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

தலைவர் துண்டை உதறி, நடைமேடையில் விரித்தார். பஞ்சாயத்து கூடிவிட்டது.

பிள்ளைகளே, அவர்கள் வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சபை கூடிவிட்டால் ஊர் மொத்தமும் உட்கார்ந்தாக வேண்டும். தீர்ப்புச் சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அது ஊரை அவமதித்த குற்றம். இன்னொரு விதி, கல்யாணம் ஆகாதவர்களுக்குச் சபையில் இடமில்லை. யாருடைய கல்யாணத்தைப் பற்றிப் பேசினாலும் சரி. ஆக, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையோடும், போண்டா வாங்கியவர்கள் பொட்டலத்தோடும், தாய்மார்கள் இடுப்புக் குழந்தையோடும் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். குரங்குகள் கூரையில் உட்கார்ந்தன. அவற்றில் கல்யாணமானவை எத்தனை என்று தெரியவில்லை. பெட்டியில் மிஞ்சியது நெடுங்காட்டுக்காரர்கள், பிறகு கல்யாணம் ஆகாத இரண்டே பேர்.

எஞ்சின் தண்ணீர் குடித்து முடித்தது. முதல் விசில். சபையில் அஞ்சம்மாளின் வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். நான் தலைவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“ஐயா, வண்டி கெளம்புது. மேல போயி பேசிக்கலாம், எல்லாரும் ஏறுங்க.”

“தங்கச்சி, சபை நடக்குது.”

“வண்டி நிக்காதுங்க ஐயா.”

“சபையும் நிக்காது.”

இரண்டாவது விசில். ரயில் கார்டு நல்ல மனிதர், நேரத்தை இழுத்துத்தான் நின்றிருந்தார். “என்னம்மா, உங்க ஆளுங்க ஏறுவாங்களா, மாட்டாங்களா?” என்றார். நான் பெட்டிக்கு ஓடினேன். சக்திவேல் நெற்றியெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தான். எதிரே அமுதா, சன்னலோரத்தில்.

“ரெண்டு பேரும் எறங்குங்க. போயி அவங்கவங்க அம்மாவக் கூப்புடுங்க. நீங்க கூப்ட்டா எந்திரிப்பாங்க.”

சக்திவேல் எழப் போனான். அமுதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். என்னிடம் முகத்தைத் துளிகூட அசைக்காமல் சொன்னாள்:

“நாங்க எப்பிடிக்கா வர்றது? கல்யாணம் ஆவாதவங்க சபைக்கு வரப்புடாதுல்ல?”

மேட்டுப்பாளையத்தில் அவள் கேட்டது பொது அறிவுக் கேள்வி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பயிற்சி வகுப்பில் இதற்குப் பாடம் கிடையாது. இறங்கு என்று அதட்டியிருக்கலாம். பையனைக் கையைப் பிடித்து இழுத்திருந்தால் வந்திருப்பான், அவன் அப்படிப்பட்ட பையன். கார்டின் காலில் விழுந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருப்பார். அதற்குள் சபையில் தீர்ப்பு வந்துவிடும். வந்தால் என்ன வரும் என்பது குரங்குகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பெண் அவன் சட்டையை இன்னும் விடவில்லை.

பெட்டிக்குள் இருக்கைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த நெடுங்காட்டு அம்மா ஒருத்தரிடம், “இந்த ரெண்டு புள்ளைங்களயும் பாத்துக்குங்கம்மா. மேல நம்ம பஸ்ஸோட சமையல்காரர் நிப்பாரு” என்றேன். அந்த அம்மா சபையையும் பார்த்தார், பெண்ணையும் பார்த்தார். “நான் பாத்துக்குறேன், நீ போ” என்றார். திரும்பிக் கார்டிடம் சொன்னேன்:

“நீங்க கெளம்புங்க சார்.”

அந்த மூன்று சொல்லுக்கு என் வேலை போயிருக்கலாம். அதற்கும் தயாராகத்தான் சொன்னேன். நான் ஏறவில்லை. முதலாளி சொன்னது அதுதானே, கடைசி ஆள் ஏறிய பிறகுதான் நான் ஏற வேண்டும். கடைசி ஆட்கள் எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் சபை ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “ரெண்டு பக்கமும் கேட்டாச்சு. மனசு ஒத்துப்போவல. வாங்குன பரிசத்தத் திருப்பிக் குடுத்துடுங்க. சம்மந்தம் இத்தோட...”

பெட்டிகள் நகர்ந்தன. அந்த ரயில் வேகமாகப் போகாது, ஒவ்வொரு சன்னலாக நிதானமாகக் காட்டிக்கொண்டு போகும். நெடுங்காட்டுப் பெரியவர் போனார். நெடுங்காட்டு அம்மா போனார். அடுத்த சன்னலில் அமுதாவும் சக்திவேலும், தோளோடு தோள். பையன் வாயைத் திறந்தபடி போனான். பெண் தலையைக் குனிந்து, பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்தபடி போனாள். கடைசியாக எஞ்சின் புகையை எங்கள் தலையில் கொட்டிவிட்டுப் போனது.

“ஐயோ எம்பொண்ணு!” என்றார் மாரியம்மாள்.

“ஐயோ எம்புள்ள!” என்றார் அஞ்சம்மாள்.

யாரும் எழவில்லை. தீர்ப்பு முடியவில்லையே! பிறகு மெதுவாக ஒவ்வொருத்தராகக் கணக்குப் போட்டார்கள். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண்ணும் பையனும் ஒரே வண்டியில், ஒரே இருக்கையில், ஊர்க்காரர் ஒருத்தர்கூடத் துணையில்லாமல் மலை ஏறிவிட்டார்கள். அப்படிப் போனவர்களை அந்த ஊரில் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தாலி கட்ட வைப்பார்கள். கட்ட மறுக்கிற வீட்டை ஊர் சும்மா விடாது. ஆனால் இந்தப் பக்கம் சம்பந்தம் முறிந்ததாகத் தலைவர் முக்கால்வாசி சொல்லிவிட்டார். சபையில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவும் வழக்கம் இல்லை. நாற்பது வருடமாகத் தீர்ப்புச் சொன்ன மனிதர், வாயைத் திறந்தால் ஒரு சட்டம் உடையும், மூடினால் இன்னொரு சட்டம் உடையும் என்ற இடத்தில் உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, இது எந்த எல்ல?”

“நீலகிரிங்க ஐயா.”

“நம்ம எல்ல இல்லியே?”

“நம்ம மாநிலமே இல்லீங்க ஐயா.”

தலைவரின் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாகச் சூரியன் பட்டது. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். “எல்லைக்கு வெளிய கூடுனது சபையே இல்ல. இங்க பேசுனது எதுவும் செல்லாது. எந்திரிங்க எல்லாரும்.” கூட்டம் நெடுமூச்சு விட்டபடி எழுந்தது. அஞ்சம்மாள் மட்டும், “அப்ப என் சன்னலு?” என்றார். அவர் வீட்டுக்காரர் என் முன்னால் சொல்லத் தகாத ஒரு பதிலைச் சொன்னார்.

நிலைய அதிகாரி இரக்கப்பட்டு மேலே தகவல் சொன்னார். மாலையில் இறங்கி வந்த வண்டியில் இடம் கேட்டு ஏறி, மறுபடி மேட்டுப்பாளையத்துக்கே வந்து, அரசுப் பேருந்தில் ஊட்டிக்குப் போனோம். இறங்கும்போது எல்லாச் சன்னலிலும் மலை கொட்டிக் கிடந்தது. யாரும் முறை கேட்கவில்லை; பெண்ணையும் பிள்ளையையும் நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி வந்தார்கள். ஊட்டியில் இருவரும் சமையல்காரருக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு, “மாமியாருங்கள வுட்டுட்டு வண்டிய அனுப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை, ஏதோ சொந்தம் கொண்டாடுகிற மாதிரி இருந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. போயிருந்தேன். பந்தியில் அஞ்சம்மாள் எனக்குத் தானே வஞ்சிரத் துண்டு எடுத்து வைத்து, தன் முறை இன்னும் பாக்கி இருக்கிறது, அடுத்த தடைக்காலத்தில் தன்னைக் குகை இல்லாத மலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொன்னார். சரி என்றேன். மறுக்கிற தைரியம் எனக்கு இல்லை.

மேடையில் வாழ்த்தப் போனபோது அமுதாவின் காதோரம் குனிந்து, “சன்னல் பூரா ஒனக்குத்தான் கெடச்சுது. மலையெல்லாம் நல்லாப் பாத்தியா?” என்று கேட்டேன்.

“எங்கக்கா பாத்தேன்!” என்றாள். பக்கத்தில் மாலையோடு நின்றவனைக் கண்ணால் காட்டினாள். “ஆழக்கடலுக்குப் போறவருன்னு பேரு. மொதப் பாலத்துல கீழ எட்டிப் பாத்துட்டு ஒரே அழுவ. எறங்குறேன், அம்மாட்டப் போறேன்னாரு. சன்னலயெல்லாம் சாத்திப்புட்டு, குன்னூரு வர்ற வரைக்கும் இவரு தலைய மடியில வச்சி அமுக்கிப் புடிச்சிக்கிட்டே போனேன். ஒரு மலையும் பாக்கலக்கா.”

சக்திவேல் வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சிரித்தாள், எனக்குத்தான் கண் கலங்கியது.